டிவி பக்கத்து பழைய சிபியு பூட் ஆகலையா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல நிறைய ஒரே மாதிரி இருந்துச்சு. ஹால்ல டிவியோட மாட்டி வச்சிருக்குற பழைய கம்ப்யூட்டர் திடீர்னு எந்திரிக்க மாட்டேங்குதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். 2011ல அசெம்பிள் பண்ண சிபியு, விண்டோஸ் 7. எச்டிஎம்ஐல டிவிக்குக் குடுத்து படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அதுலதான் பாக்குறோம். கொஞ்ச நாளா காலைல ஆன் பண்ணா 'சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 அழுத்தவும்'னு வருது. அழுத்துனா விண்டோஸ் லோகோ வந்து, கண்ணு சிமிட்டுற நேரத்துல நீலத்திரை வந்து மறுபடி ரீஸ்டார்ட் ஆகுது, இதே சுத்துதான். சர்வீஸ் கடையில விண்டோஸ் கரப்ட், ஃபார்மேட் போட்டாதான் சரியாகும்ங்குறாங்க. போடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: போடாதீங்க சார். நீங்க எழுதுன மொத வரியிலயே காரணம் இருக்கு. சிமாஸ் செக்சம் எரர்னா மதர்போர்டுல இருக்குற பட்டன் செல் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் அதான். சிஆர்2032ன்னு கேளுங்க, 3 வோல்ட், வாட்ச் கடையிலயே கிடைக்கும். அந்த செல்தான் தேதி நேரத்தையும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு புரோகிராம்) செட்டிங்கையும் காப்பாத்தி வைக்குது. சிபியுக்கு கரண்ட் போயிட்டு இருக்குற வரைக்கும் செல்லுக்குப் பெருசா வேலையே இல்ல, எஸ்எம்பிஎஸ்ல (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி) இருந்து வர்ற ஸ்டாண்ட்பை கரண்ட்டே பாத்துக்கும். ஆனா நம்ம வீட்ல படம் முடிஞ்சதும் சுவிட்ச் போர்டுலயே அணைச்சுட்டுத்தான் படுப்போம், அதனால ராத்திரி முழுக்க அந்தக் குட்டி செல்தான் உழைக்குது, அதான் உங்களுக்கு காலைல மட்டும் வருது.

சரி, செல் போனா எரர் வரட்டும், நீலத்திரை ஏன் வருதுன்னு கேப்பீங்க. செட்டிங் அழிஞ்சதும் பயாஸ் ஃபேக்டரில இருந்து வந்த நிலைமைக்குப் போயிடும். அந்தக் காலத்து போர்டுகள் பலதுல அந்த நிலைமையில சாட்டா மோட் (ஹார்ட் டிஸ்க்கோட பேசுற முறை) ஐடிஇங்குற பழைய முறையில இருக்கும். உங்க விண்டோஸை இன்ஸ்டால் பண்ணவர் ஏஎச்சிஐங்குற புது முறையில வச்சுப் பண்ணிருப்பார். இப்போ மோட் மாறிப்போனதால விண்டோஸுக்கு தன்னோட ஹார்ட் டிஸ்க்கே தெரியல, அதான் விழுந்துடுது. நீலத்திரைய செல்போன்ல வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்க, ஸ்டாப்னு போட்டு நம்பரோட கடைசில 7பி இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு இதேதான்.

செய்ய வேண்டியது: பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, மிச்சமிருக்குற சார்ஜ் இறங்கட்டும். கேபினட்டோட இரும்புப் பகுதியை ஒரு தடவ தொட்டுட்டு உள்ள கை வைங்க. செல்லு பக்கத்துல ஒரு சின்ன கிளிப் இருக்கும், அதை நகத்தால தள்ளுனா செல் தானா மேல எகிறும். புதுசு போடும்போது ப்ளஸ் எழுத்து மேல தெரியணும். அப்புறம் ஆன் பண்ணி டெலீட் கீயைத் தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் திறக்கும் (சில போர்டுல எஃப்2), தேதி நேரம் சரி பண்ணுங்க, சாட்டா மோட் ஐடிஇன்னு இருந்தா ஏஎச்சிஐ ஆக்குங்க, பூட் ஆர்டர்ல விண்டோஸ் இருக்குற டிஸ்க்கை மொதல்ல வைங்க, எஃப்10 அழுத்தி சேவ். இந்த ரெண்டு மோடுக்கு நடுவுல மாத்திப் பாக்குறதால உள்ள இருக்குறது எதுவும் அழியாது, தைரியமா பண்ணுங்க. ரெய்டுன்னு மூணாவது ஒண்ணு இருக்கும், அதை மட்டும் தொடாதீங்க.

தேதியை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அது 2010ன்னு பின்னாடி போய் நின்னா பூட் ஆனாலும் ப்ரவுசர்ல எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு எச்சரிக்கை வரும், நெட் போச்சுன்னு ரூட்டரைக் கழட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒரு செல் மாத்துற வேலைக்கு பல வருஷத்து வீடியோவை ஃபார்மேட்டுக்குக் குடுக்கச் சொல்றது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு.

கேள்வி: அண்ணே, பவர் பட்டன் அழுத்துனா ஃபேன் அரை சுத்து சுத்தி நின்னுடுது. நாலஞ்சு தடவ விட்டு விட்டு அழுத்துனா ஆன் ஆகி அப்புறம் நாள் முழுக்க நல்லா ஓடுது. மதர்போர்டு அவுட்டா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸை சந்தேகப்படுங்க தம்பி. சூடேறுன பிறகு ஒழுங்கா ஓடுதுன்னாலே உள்ள இருக்குற கெப்பாசிட்டர் (கரண்ட்டைச் சேத்து வச்சு சீரா குடுக்குற பாகம்) வயசாயிடுச்சுன்னு நினைக்கலாம். அதுக்குள்ள இருக்குற ரசாயனம் சூட்டுல மெல்ல வத்தும், 10 டிகிரி கூடுனா ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கே உண்டு. டிவி ஸ்டாண்டுக்குள்ள கண்ணாடிக் கதவைச் சாத்தி வச்சு, பின்னாடி ஒட்டடையும் தூசியுமா இருந்தா எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மூடியைத் திறந்து மதர்போர்டுல ப்ராசஸர் பக்கத்துல நிக்குற சின்ன உருளை கெப்பாசிட்டர்களைப் பாருங்க. தலைப்பக்கம் தட்டையா இருந்தா நல்லது. உப்பியிருந்தாலோ காவி நிறத்துல ஏதாவது கசிஞ்சிருந்தாலோ போர்டுலயும் பிரச்சினை இருக்கு. உப்பல் இல்லன்னா தெரிஞ்சவங்ககிட்ட ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பாத்துடுங்க. புதுசு வாங்கறதா இருந்தா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மீடியா பெட்டிக்கு பெரிய வாட்டேஜ் தேவையே இல்ல, ஸ்டிக்கர்ல இருக்குற நம்பரைப் பாக்காம வாரண்டி உள்ள நல்ல கம்பெனியா பாருங்க. பழைய எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் நீங்களா திறக்காதீங்க, கேபிளைப் பிடுங்குன பிறகும் உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு சார்ஜ் இருக்கும்.

கேள்வி: சார், 'பூட் மேனேஜர் மிஸ்ஸிங்'னு வருது, சில நேரம் டிஸ்க்கே இல்லன்னு வருது. காதை வச்சுக் கேட்டா டிக் டிக்னு சத்தம். பசங்க சின்ன வயசு போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. செக் டிஸ்க் போட்டா சரியாகுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: மேடம், இதைப் படிச்சதும் அந்த சிபியுவை ஆஃப் பண்ணிடுங்க. செக் டிஸ்க் (டிஸ்க்குல பிழை தேடித் திருத்துற விண்டோஸ் புரோகிராம்) வேண்டாம், விண்டோஸ் ரிப்பேரும் வேண்டாம். சாகப்போற டிஸ்க்கை அது இண்டு இடுக்கு விடாம படிக்க வைக்கும், எழுதவும் செய்யும், இருக்குற கொஞ்ச உயிரும் அதுலயே போயிடும். போட்டோவை வெளிய எடுக்குறதுதான் இப்போ ஒரே வேலை, பூட் ஆகுறதெல்லாம் அப்புறம்.

டிக் டிக் சத்தம் விடாம ஒரே தாளத்துல வருதுன்னா வீட்ல முயற்சி பண்ணாதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட நேரா குடுங்க, செலவு கூடத்தான் ஆகும், ஆனா அந்தப் போட்டோவை திரும்ப எடுக்க முடியாதே. எப்பவாவது ஒரு தடவதான் சத்தம், மத்த நேரம் டிஸ்க் தெரியுதுன்னா, அதைக் கழட்டி சாட்டா டூ யுஎஸ்பி அடாப்டர்ல வேற கம்ப்யூட்டர்ல மாட்டி (பெரிய சைஸ் டிஸ்க்கா இருந்தா தனி பவர் அடாப்டரோட வர்றதா வாங்கணும்), போட்டோ ஃபோல்டரை மொதல்ல காப்பி பண்ணுங்க. சினிமா படமெல்லாம் கடைசில. ஃபார்மேட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்டா வேண்டாம்னு குடுங்க.

காப்பி முடிஞ்ச பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற புரோகிராம் போட்டுப் பாருங்க, இலவசம்தான். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால மாத்தின இடம்), பெண்டிங் செக்டர் (படிக்க சிரமப்படுற இடம்) ரெண்டுலயும் மதிப்பு ஏறியிருந்தா டிஸ்க் முடிஞ்சது. அது ரெண்டும் பூஜ்யமா இருந்து சிஆர்சி எரர் (டேட்டா போற வழியில வர்ற பிழை) மட்டும் ஏறிக்கிட்டே போனா பெரும்பாலும் டிஸ்க் மேல தப்பில்ல, சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். புதுசா போடும்போது ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி அதுல சிஸ்டத்தை வைங்க, பழைய சாட்டா 2 போர்டுலயும் ஓடும், அந்த பெட்டியா இதுன்னு தோணும். போட்டோவை மட்டும் ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு இந்த வீட்டுக்கு வெளிய இருந்தா இன்னும் நல்லது.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுடுச்சு. படம் பாட்டு மட்டும்தான்னா விண்டோஸுக்குப் பதிலா லிப்ரெஎலெக்ங்குற சின்ன லினக்ஸ் சிஸ்டம் போட்டுப் பாக்கலாம், ஆன் பண்ணா நேரா கோடி (படம் பாட்டு ஓட்டுற ஆப்) திரைதான் வரும், 64 பிட் ப்ராசஸர் இருக்கணும்.

கேள்வி: சிபியு ஓடுற சத்தம் கேக்குது, டிவில 'நோ சிக்னல்'. சில நாள் மட்டும். (வாசகர், ஈரோடு)

பதில்: டிவியை மொதல்ல ஆன் பண்ணி, எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுத்துட்டு, அப்புறம் சிபியுவை ஆன் பண்ணிப் பாருங்க. பூட் ஆகும்போது டிவி தூங்கிக்கிட்டு இருந்தா எந்த ரெசல்யூஷன்ல படம் அனுப்பணும்னு சிபியுக்குத் தெரியாம போயிடும். அப்படியும் வரலன்னா ராம் மெமரி கார்டைக் கழட்டி அதோட தங்க நிறப் பட்டையை அழிரப்பரால லேசா தேய்ச்சு, துகளை ஊதாம பிரஷ்ஷால தட்டிட்டு மாட்டுங்க. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் ஏதாவது சொருகியே இருந்தா அதையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க, பயாஸ் அதுல விண்டோஸைத் தேடிக்கிட்டு கருப்புத் திரையிலயே நிக்குறதும் உண்டு. இது மூணும் பண்ணியும் வரலன்னா ஸ்பீக்கர்ல பீப் எத்தனை தடவ, எவ்வளவு நீளமா வருதுன்னு எண்ணி, மதர்போர்டு மாடல் நம்பரோட எழுதுங்க.