இரண்டிலும் நான்கிலும் ஒரு 'டக்'

டிரம்ஸ் பற்றி வரும் கடிதங்களில் ஜாஸ் பழகுகிறவர்கள் மெட்ரோனோமைப் பற்றியே (சீரான இடைவெளியில் 'டக்' 'டக்' என்று ஒலித்து வேகம் காட்டும் கருவி, இப்போது ஃபோன் செயலியாகவும் உண்டு) திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதனால் இந்த இதழில் முழுக்க அதுதான்.

கேள்வி: எட்டு வருடம் மிருதங்கம் படித்தேன். இப்போது இரண்டு வருடமாக ஜாஸ் டிரம்ஸ். தினமும் ஒரு மணி நேரம் மெட்ரோனோமை 160-ல் வைத்து வாசிக்கிறேன், ஒரு அடி பிசகுவதில்லை. நண்பர்களோடு வாசித்தால் மட்டும் பாட்டு முடிவதற்குள் வேகம் எகிறிவிடுகிறது. பேஸ் கிதார் வாசிக்கும் நண்பன் முறைக்கிறான். எங்கே தப்பு, சார்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறீர்களே தம்பி, அது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் காலப்பிரமாணத்தைச் சுமப்பது உங்கள் ஃபோன், நீங்கள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். 160 என்றால் நிமிடத்துக்கு 160 'டக்', அதாவது 0.375 விநாடிக்கு ஒன்று. நீங்கள் கொஞ்சம் ஓடினாலும் அடுத்த 'டக்' உடனே வந்து சட்டையைப் பிடித்து நிறுத்திவிடும், ஓடினோம் என்பதே உங்களுக்குத் தெரியாது. நண்பர்களோடு வாசிக்கும்போது சட்டையைப் பிடிக்க ஆளில்லை.

அதனால் 'டக்'கைக் குறையுங்கள். வாசிக்கும் வேகம் அதே 160 இருக்கட்டும், மெட்ரோனோமை 80-க்கு இறக்கிவிடுங்கள், ஒன்று முதல் நான்கு வரை எண்ணும் ஒவ்வொரு சுற்றிலும் (அதுதான் ஒரு 'பார்') 'டக்' இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவது எண்ணிக்கையிலும் விழ வேண்டும். ஸ்டிக்கைத் தொடாமல் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள்: 'டக்' கேட்டதும் "இரண்டு", அடுத்த 'டக்'குக்கு "நான்கு", அது பழகியதும் நடுவில் "மூன்று", அப்புறம் "ஒன்று". நீங்கள் தாளம் தொடங்கும் சமத்தில் கை தட்டியே வளர்ந்தவர், கொஞ்சம் அசந்தால் காது அந்த 'டக்'கை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பழக்கம் மாறப் பத்து நாள் பிடித்தது. மாறிவிட்டால் ஒன்றையும் மூன்றையும் நீங்களே சுமக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரண்டும் நான்கும் எதற்கென்றால், ஸ்விங்கில் (ஜாஸின் ஊஞ்சலாடும் தாள நடை) இடது கால் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மூடுவது அங்கேதான். மெட்ரோனோம் சத்தத்தை உங்கள் ஹை-ஹாட்டின் 'சிக்'கை விடக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டு கவனியுங்கள். கால் சரியாக விழும்போது 'டக்' காணாமல் போகும், 'சிக்' அதை விழுங்கிவிடும். 'சிக்'குக்குப் பிறகு 'டக்' தனியாகக் கேட்டால் ஓடுகிறீர்கள், முன்னால் கேட்டால் இழுக்கிறீர்கள். நான்கைந்து பார் தொடர்ந்து 'டக்' கேட்காமல் போகும் நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

அது கைவந்த பிறகு இன்னும் பாதியாக்குங்கள்: 40, பாருக்கு ஒரே ஒரு 'டக்', அதையும் நான்கில் வையுங்கள். (மெல்ட்செல் 1815-ல் காப்புரிமை வாங்கிய அந்தக் கூம்பு வடிவ மரப்பெட்டி மெட்ரோனோமில் வழக்கமாக மிகக் குறைந்த அளவே 40-தான். ஃபோனில் அதற்குக் கீழேயும் போகலாம்.) அப்புறம் நான்கு பார் சத்தம், நான்கு பார் மௌனம் என்று வைத்து வாசியுங்கள். 160-ல் நான்கு பார் என்பது சரியாக 6 விநாடி. அந்த 6 விநாடி முடிந்து சத்தம் திரும்பும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் உண்மையான தாளம்.

இன்னொன்று, வேகம் எகிறுவது பெரும்பாலும் ஃபில்லில்தான் (பாட்டின் ஒரு பகுதி முடியும் இடத்தை நிரப்பும் அடிக்கோவை). தாளத்தை ஓட்டும் பெரிய தட்டான ரைடு சிம்பல் நிற்கிறது, கை ஸ்நேர் டிரம்மிலிருந்து மற்ற டிரம்களான டாம்களுக்கு ஓடுகிறது, உற்சாகத்தில் கடைசி இரண்டு மூன்று அடி நெருங்கி விழுகிறது, அடுத்த பாரின் "ஒன்று" சீக்கிரம் வந்துவிடுகிறது, பிறகு மொத்தக் குழுவும் அந்தப் புது வேகத்திலேயே போகிறது. மூன்று பார் ஸ்விங், ஒரு பார் ஃபில், நான்கில் மட்டும் 'டக்', இப்படிப் பத்து நிமிடம் வாசித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். ஃபில் வாசிக்கும்போது ஹை-ஹாட் காலை நிறுத்தாதீர்கள், அங்கே உங்களைப் பிடித்து வைப்பது அந்தக் கால் ஒன்றுதான்.

கேள்வி: ஒரு மாதமாக மாஸ்டர் மெட்ரோனோமோடு ரைடு சிம்பல் மட்டும்தான் வாசிக்கச் சொல்கிறார். ஒரு கை மட்டும் போதுமா? மற்ற டிரம்கள் சும்மா கிடக்கின்றனவே?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாஸ்டர் நல்ல வழியில்தான் கூட்டிப்போகிறார். ஜாஸின் தாளம் முதலில் காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மில்தான் இருந்தது. 1930-களில் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் குழுவில் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அதை ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோனார். 1940-களின் தொடக்கத்தில், நியூயார்க் ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற ஜாஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த டிரம்மர் கென்னி கிளார்க் அதை ரைடு சிம்பலுக்கு ஏற்றினார், பேஸ் டிரம் எதிர்பாராத இடத்தில் வெடிக்கிற அடிகளுக்கு என்றானது. பின்னால் வந்த டிரம்மர்கள் மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். பேஸ் வாசிப்பவர், பியானோ வாசிப்பவர், எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்பது உங்கள் ரைடைத்தான். அந்த ஒரு கை தனியாக நின்றால்தான் மற்றக் கையும் இரண்டு கால்களும் அதன் மேல் உட்காரும்.

ஒரு யோசனை. வாயில் "தகிட தகிட தகிட தகிட" என்று ஓடவிட்டு வாசியுங்கள். எல்லா "த"விலும் ரைடு விழட்டும், இரண்டாவது நான்காவது எண்ணிக்கையில் மட்டும் "ட"விலும் ஒரு சின்ன அடி சேரட்டும். 'டிங், டிங்-க, டிங், டிங்-க' வந்துவிடும். ஆனால் இது நிதானமான வேகத்துக்கான கணக்கு. வேகம் ஏற ஏற அந்தச் சின்ன அடி முன்னால் நகர்ந்து கிட்டத்தட்ட சம இடைவெளிக்கு வந்துவிடும். அங்கேயும் "தகிட"வைப் பிடிவாதமாக இழுத்தால் நொண்டும்.

கேள்வி: புளூடூத் ஹெட்ஃபோனில் சத்தம் தாமதமாக வரும் என்கிறார்களே, மெட்ரோனோம் கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மெட்ரோனோம் மட்டும் கேட்பதென்றால் தாராளமாகக் கேட்கலாம். எல்லா 'டக்'கும் ஒரே அளவு தாமதிக்கும், இடைவெளி மாறாது, நீங்கள் கேட்பதோடுதான் சேர்ந்து வாசிக்கிறீர்கள். எலக்ட்ரானிக் டிரம்ஸின் சத்தத்தையே புளூடூத்தில் கேட்டால்தான் சிக்கல், அடித்த பிறகு சத்தம் வரும், அதற்கு வயர் ஹெட்ஃபோன் வாங்குங்கள். டிரம்ஸ் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று வால்யூமை மட்டும் ஏற்றாதீர்கள், காது போனால் திரும்பாது.

கேள்வி: என் பெண்ணுக்கு 13 வயது. மெட்ரோனோமோடு பழகினால் வாசிப்பு மெஷின் மாதிரி ஆகிவிடும், ஜாஸுக்கு அது ஆகாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, தாம்பரம்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. டிரம்மர் டோனி வில்லியம்ஸ் 1963-ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேரும்போது அவருக்கு 17 வயது, உங்கள் பெண்ணை விட நான்கு வயதுதான் கூட. அடியின் முன் விளிம்பில் நின்று குழுவையே இழுத்துக்கொண்டு போவார். இன்னொரு டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் வாசிப்பதைக் கேட்டால் அடி அகலமாக, அலை மாதிரி உருளும். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை, இரண்டு பேருமே அடி எங்கே விழும் என்பதை உடம்பில் வைத்திருந்தவர்கள். அடியின் நடு எங்கே என்று தெரிந்த பிள்ளைதான் வேண்டுமென்று அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போய் நிற்க முடியும்.

உங்கள் உறவினர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, முழு நேரமும் மெட்ரோனோம் கூடாது. பாதி நேரம் அதோடு வாசிக்கட்டும், மீதி நேரம் நல்ல பதிவுகளோடு சேர்ந்தும் தனியாகவும் வாசிக்கட்டும். வாசிக்கும்போதே பாட்டின் மெட்டை முணுமுணுக்கச் சொல்லுங்கள். ஜாஸில் நிறைய பாட்டுகள் 32 பார் கொண்டவை, மெட்டு மனதில் ஓடினால் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று எண்ணத் தேவையே இருக்காது. அப்புறம், மெட்ரோனோமோடு தப்பும்போது அவளைத் திட்டாதீர்கள்.

கேள்வி: 200-ல் வாசிக்கிறேன், 60-ல் வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறேன். மெதுவாக வாசிப்பது சுலபம் இல்லையா?
– வாசகர், சேலம்

பதில்: மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம். 60-ல் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் முழுசாக ஒரு விநாடி காலியாகக் கிடக்கிறது. அதைத் தாங்க முடியாமல் கை முன்னாலேயே விழுந்துவிடும். அந்த விநாடியை நிரப்ப வேண்டும், சத்தம் போட்டு அல்ல, உள்ளே. வாயை மூடிக்கொண்டு "தகிட" ஓடட்டும்.

பிரஷ் (ஸ்டிக்குக்குப் பதிலாகப் பிடிக்கும், மெல்லிய கம்பிகள் கொண்ட தூரிகை) இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவான பாட்டுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. இடது கை பிரஷ் ஸ்நேர் தோலின் மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு அடிக்கு ஒரு வட்டம், 'டக்' கேட்கும்போது பிரஷ் எப்போதும் வட்டத்தின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தோலில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 'டக்'குக்கு முன்னாலேயே பிரஷ் புள்ளியைத் தாண்டிவிட்டால் ஓடுகிறீர்கள் என்று கண்ணாலேயே தெரியும், அப்போது வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கை தானாக நிதானத்துக்கு வரும். தினமும் ஐந்து நிமிடம், 60-ல் மட்டும். புள்ளியும் 'டக்'கும் ஒரு வாரம் பிரியாமல் இருந்தால் 50-க்கு இறங்குங்கள்.