திராட்சையும் பாதாமும்: ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன் பற்றிச் சில கேள்விகள்

இத்திஷ் நாடகம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மனிதரைச் சுற்றியே இருந்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி இத்திஷ். ஜெர்மன் மொழியின் உறவுக்காரி, எழுதுவது எபிரேய எழுத்தில். அந்த மொழிக்குத் தொழில்முறை மேடையைக் கட்டிக்கொடுத்தவர் ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன் (1840–1908). நாடகம் எழுதினார், பாட்டு எழுதினார், மெட்டும் போட்டார், கம்பெனியும் நடத்தினார்.

அவருக்கு முன்னால் யூதர்களுக்கு நாடகமே கிடையாதா ஐயா?

இருந்தது, ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை. பைபிளில் எஸ்தர் ஆகமம் படித்தவர்களுக்கு யூதர்களை ஒழிக்க ஆமான் செய்த சதி முறியடிக்கப்பட்ட கதை தெரியும். அதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையில் இளைஞர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நடிப்பார்கள். கல்யாண வீடுகளில் ‘பாத்கன்’ என்ற ஆள் எதுகை மோனையோடு பாடி மணப்பெண்ணை அழவைப்பார், விருந்தினர்களைச் சிரிக்கவைப்பார். மதுக்கடைகளில், பிராடி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட ‘பிராடி பாடகர்கள்’ வேஷத்தோடு பாடினார்கள். விதைகள் எல்லாம் கிடந்தன. டிக்கெட், திரை, நிரந்தர நடிகர்கள் என்ற ஏற்பாடுதான் இல்லை.

குடும்பமே கலைக்குடும்பமா?

இல்லை. அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஊர், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஸ்டாரோகான்ஸ்டான்டினிவ். ஷிடோமிரில் அரசு நடத்திய யூதகுருமார் பள்ளியில் படித்து 1866இல் தேறினார். அங்கே 1862இல் மாணவர்கள் ‘செர்கெலே’ என்ற இத்திஷ் நாடகத்தைப் போட்டபோது தலைப்பு வேஷமே அவருக்கு. அது ஒரு பெண் வேஷம். படித்து முடித்ததும் நேராக மேடைக்கு வந்துவிடவில்லை. ஆசிரியர் வேலை பார்த்தார், பெண்களுக்கான தொப்பி வியாபாரம் செய்து நொடித்தார், மருத்துவம் படிக்கலாம் என்று மியூனிக் போய்த் திரும்பினார், பத்திரிகை நடத்திப் பார்த்தார். முப்பத்தாறு வயதில்தான் நாடகம் வந்து சேர்ந்தது. ‘எனக்கு வயசாகிவிட்டது, இனிமேல் எழுதலாமா?’ என்று கேட்டிருந்த நண்பருக்கும் இதுவே பதில்.

1876இல் யாஷ் நகரில் முதல் இரவில் அவரைக் கூச்சல் போட்டு இறக்கினார்களாமே?

ஆமாம், அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ருமேனியாவின் யாஷ் நகருக்கு அவர் போனது பத்திரிகை தொடங்க. பத்திரிகை நடத்தினால் பட்டினிதான், மேடைக்கு வாருங்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஊரில் ‘பச்சை மரம்’ என்று ஒரு தோட்ட மதுக்கடை. அங்கே இஸ்ரேல் க்ரோட்னர் என்ற பாடகர் ஏற்கெனவே கோல்ட்ஃபாடனின் பாட்டுகளைப் பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். பாடகருக்கே இவ்வளவு வரவேற்பு என்றால் எழுதிய கவிஞரே வந்தால் எப்படியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கவிஞர் நீளக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு மேடையேறி, கனமான கவிதை ஒன்றை வாசித்தார். சபை முதலில் மௌனம், பிறகு சீழ்க்கை. க்ரோட்னர் பக்திமான் வேஷத்தில் வந்து பாடியதும்தான் கூட்டம் அடங்கியது.

வேறொருவராக இருந்தால் ஜனங்களைத் திட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். இவர் உட்கார்ந்து யோசித்தார். இந்த மக்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு ஒரு குவளை மதுவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கதை வேண்டும், பாட்டு வேண்டும், தங்கள் தெருவில் பார்க்கிற ஆட்களை மேடையில் பார்க்க வேண்டும். அந்த அக்டோபரிலேயே க்ரோட்னரின் பாட்டுகளுக்கு நடுவே கதையைக் கோத்து நாடகமாக்கினார். பாட்டு மட்டும் எழுதிவைத்தது. வசனத்துக்குக் கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொடுப்பார், மேடையில் நடிகர்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான். இத்திஷ் தொழில்முறை நாடகம் அங்கேதான் பிறந்தது என்று வரலாற்றில் எழுதுகிறார்கள்.

பெண்கள் நடித்தார்களா, ஆண்களே வேஷம் போட்டார்களா?

முதலில் ஆண்களே. ஆண்கள் முன் பெண் பாடக் கூடாது என்பது மரபு. ஆண் பெண் உடை உடுத்துவதையும் பைபிளின் உபாகமம் தடுக்கிறது, பூரிமுக்கு மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஆக எந்தப் பக்கம் போனாலும் சிக்கல். சாரா செகால் என்ற இளம்பெண் நடிக்க ஆசைப்பட்டாள். கல்யாணமாகாத பெண்ணை மேடைக்கு அனுப்ப மாட்டேன் என்றார் அம்மா. கம்பெனியில் அதுவரை பெண் வேஷம் போட்டுவந்த கோல்ட்ஸ்டைன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். இத்திஷ் மேடையின் முதல் தொழில்முறை நடிகைகளில் ஒருவர் அப்படித்தான் வந்தார். பிற்பாடு சோஃபி கார்ப் என்ற பெயரில் அமெரிக்காவில் புகழ்பெற்றார்.

முறையாகச் சங்கீதம் படிக்காதவர் என்கிறார்கள். அப்படியானால் மெட்டெல்லாம் திருட்டா?

திருட்டு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. யூதர்களின் ஜெப ஆலயத்து ராகம், நாட்டுப்பாட்டு, உக்ரைன், ருமேனியத் தெருப்பாட்டு, இத்தாலிய ஓபரா என்று காதில் விழுந்ததையெல்லாம் எடுத்தார். ஆனால் எங்கே எதைச் செருக வேண்டும் என்பது அவருடைய கை. பிரார்த்தனை ராகத்தில் வளர்ந்த ஜனங்களுக்கு அதே ராகம் காதல் காட்சியில் கேட்டால் உடம்பு சிலிர்க்காதா?

எந்த நாடகத்திலிருந்து தொடங்கலாம்?

சிரிக்க வேண்டுமானால் ‘இரண்டு குனி லெம்ல்’ (1880). திக்குவாயும் ஒற்றைக்கண்ணும் கால் ஊனமுமான மாப்பிள்ளையை அப்பா பேசிமுடிக்க, பெண்ணின் காதலன் அதே வேஷத்தில் வந்து குழப்புகிற கதை. உடற்குறையை வைத்துச் சிரிக்கவைக்கும் இடங்கள் இன்று உறுத்துகின்றன, அதை மறைக்க மாட்டேன். ‘ஷ்மெண்ட்ரிக்’ நாடகத்தின் அசட்டுப் பிள்ளை வேறு விதம். அந்தப் பெயரே இத்திஷில் அசடனுக்கான சொல்லாகிவிட்டது.

என் தேர்வு ‘ஷுலாமிஸ்’. பாலைவனத்துக் கிணற்றில் சிக்கிய பெண்ணை ஒருவன் காப்பாற்றுகிறான். கிணறும் அங்கே வந்த பூனையும் சாட்சி என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். அவன் எருசலேம் போய் மறந்து வேறொருத்தியை மணக்கிறான். ஒரு குழந்தையைப் பூனை கொல்கிறது, இன்னொன்று கிணற்றில் விழுகிறது. சாட்சிகள் பேசிவிட்டன. தல்மூத் என்ற யூத மதநூலின் காலத்துக் கதையை எடுத்து அவர் செய்தது இது.

அவர் எழுத்து பின்னாளில் மாறியது ஏன்?

1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. மூடநம்பிக்கையைக் கேலி செய்து தன் மக்களைத் திருத்த நினைத்தவர், அடிபட்ட மக்களுக்குத் தெம்பு கொடுக்க வேண்டியவரானார். ரோமாபுரியை எதிர்த்த கலகத்தைச் சொல்லும் ‘பார் கோக்பா’ அப்போதுதான் வந்தது. 1883இல் ரஷ்யா இத்திஷ் நாடகத்தையே தடைசெய்தது. அப்புறம் சில கம்பெனிகள் ‘ஜெர்மன் நாடகம்’ என்று பெயர் போட்டு, இத்திஷை ஜெர்மன் மாதிரி வளைத்துப் பேசிச் சமாளித்தன. நடிகர்கள் பலர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறினார்கள்.

சம்பாதித்தாரா சார்? நானும் ஒரு சின்னக் குழுவுக்கு எழுதுகிறேன், அதனால் கேட்கிறேன்.

ஆரம்பத்தில் நல்ல வருமானம். 1877இல் ருஷ்ய–துருக்கி யுத்தம் நடந்தபோது ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் ராணுவ ஒப்பந்தக்காரர்கள் குவிந்திருந்தார்கள், கையில் பணமும் இருந்தது. ஆனால் அவர் நாடகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டார்கள், பெரும்பாலும் காசு கொடுக்காமல். நியூயார்க்கில் 1882இல் அரங்கேறிய முதல் இத்திஷ் நாடகம் அவருடைய ‘சூனியக்காரி’. அவரே அங்கே போய் இறங்கியது 1887இல்தான். அதற்குள் அவர் நாடகங்களை வைத்து மற்றவர்கள் நிலைபெற்றிருந்தார்கள், அவரை இயக்குநராக ஏற்க நடிகர்கள் மறுத்தார்கள். மனம் நொந்து ஐரோப்பா திரும்பினார். 1903இல் மறுபடி நியூயார்க் வந்தபோதும் வறுமைதான்.

கடைசி நாடகம் ‘பென் ஆமி’ 1907 டிசம்பர் இறுதியில் அங்கே மேடையேறியது. இரண்டு வாரத்தில், 1908 ஜனவரி 9 அன்று காலமானார். இறுதி ஊர்வலத்தில் சுமார் 75,000 பேர் கூடினார்கள் என்று அன்றைய பத்திரிகைச் செய்தி. அந்த 75,000 பேரும் அவர் பாட்டைப் பாடியிருப்பார்கள். அதில் எத்தனை பாட்டுக்கு அவருக்குக் காசு போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் குழு சின்னதாகவே இருக்கட்டும், ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதும் யாராவது போடுகிறார்களா?

போடுகிறார்கள். நியூயார்க்கில் 1915இலிருந்து இயங்கும் ஃபோக்ஸ்பீனே குழு ‘சூனியக்காரி’யை 2019இல் இத்திஷிலேயே போட்டது. புக்காரெஸ்டில் அரசு யூத நாடக அரங்கு இருக்கிறது.

‘திராட்சையும் பாதாமும்’ நாட்டுப்புறத் தாலாட்டு என்றல்லவா என் பாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அது ‘ஷுலாமிஸ்’ நாடகத்துப் பாட்டு. தொட்டிலுக்கடியில் வெள்ளாட்டுக்குட்டி நிற்பதாகப் பாடும் பழைய தாலாட்டு ஒன்று மக்களிடம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு இவர் புதிதாக எழுதினார். பழங்கால எருசலேமின் யூதத் தேவாலயத்தின் ஒரு மூலையில் விதவையான சீயோன் குமாரத்தி (எருசலேமையே பெண்ணாகச் சொல்லும் பைபிள் வழக்கு) தன் ஒரே மகனைத் தாலாட்டுகிறாள். ஆட்டுக்குட்டி வியாபாரத்துக்குப் போயிருக்கிறது, நீயும் பெரியவனாகித் திராட்சையும் பாதாமும் விற்பாய், தூங்கு கண்ணே என்கிறாள். இன்னொரு சரணத்தில் ரயில் வண்டிகள் உலகை நிறைக்கும், அதிலும் நீ சம்பாதிப்பாய் என்கிறாள். எருசலேம் தேவாலயத்தில் ரயில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களின் ஆசை அது.

மக்களிடமிருந்து எடுத்ததை மக்களிடமே கொடுத்தார், அவர்களும் எழுதியவர் பெயரை மறக்கும் அளவுக்குத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். போலந்தின் லோட்ஸ் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில், மகளை இழந்த இசையா ஷ்பீகல் என்ற எழுத்தாளர் ஒரு தாலாட்டு எழுதினார். ‘திராட்சையும் இல்லை, பாதாமும் இல்லை’ என்று தொடங்குகிறது அது. எந்தப் பாட்டைச் சொல்கிறார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.