வர்மப் புள்ளிகளும் தற்காப்பும்: வாசகர் கேள்விகள்

ஒரே விரலால் வர்மத்தைத் தொட்டு ஆளைச் சாய்க்கலாம் என்கிறார்களே, நிஜமா?

சினிமாவில் நிஜம். வர்ம நூல்கள் உடலில் 108 வர்மங்களைச் சொல்கின்றன: படுவர்மம் (அடிபட்டால் உயிருக்கே ஆபத்தானவை) 12, தொடுவர்மம் (ஆபத்து அதைவிடக் குறைந்தவை) 96. அவற்றில் பல, இன்றைய உடற்கூறியலும் ஆபத்தானவை என்று ஒப்புக்கொள்ளும் இடங்கள்தான். நரம்பு எலும்பை ஒட்டி ஓடும் இடம், ரத்தக்குழாய் தோலுக்கு அருகே வரும் இடம், மூட்டு இடுக்கு. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் ஆசான் விரலளவு கணக்கில் இடம் பார்த்துத் தொடுவது வேறு. சட்டையும் வியர்வையுமாகக் கையை வீசி வருபவனிடம் அதே இடத்தைத் தேடுவது வேறு. பதற்றத்தில் முதலில் கைவிட்டுப் போவது விரல்களின் நுண்ணிய அசைவு. விரல் நுனியை நம்பும் எந்த உத்தியையும் தற்காப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளங்கை அடி, முழங்கை, முழங்கால் ஆகிய மூன்றும் பதற்றத்திலும் உங்கள் சொல்படி நடக்கும்.

பயிற்சியில் நண்பனிடம் பலிக்கும் புள்ளி, குடித்துவிட்டு வம்புக்கு வந்தவனிடம் பலிக்கவில்லை. அழுத்தம் போதவில்லையா?

அழுத்தத்தில் குறையில்லை, புள்ளியின் வகையில்தான் குறை. சில புள்ளிகள் வலியை மட்டும் தருபவை: முழங்கைக்குக் கீழே முன்கையின் மேற்புறம், புஜத்தின் உட்புறம், நெஞ்செலும்பின் மேல் விரல் மொட்டியால் தேய்ப்பது. மதுவும் கோபத்தில் சுரக்கும் அட்ரினலினும் வலியை மழுங்கடித்துவிடும். நண்பன் ‘ஆ’ என்று கையை எடுப்பது அவனுக்குச் சண்டை போடும் எண்ணம் இல்லாததால். வேறு சில இடங்கள் வலி தெரியாதவனின் உடலையும் முடக்கும். மேல்வயிற்றில், விலா எலும்புகள் பிரியும் குழியில் விழும் அடி உதரவிதானத்தைப் பிடிக்கவைத்து மூச்சை நிறுத்தும். அந்தச் சில நொடிகள் ஓடப் போதும். அங்கேயும், அவன் வயிற்றை இறுக்கிக்கொண்டால் பலன் பாதிதான். எந்தப் புள்ளியைக் கற்றாலும், ‘இவனுக்கு வலிக்கவே இல்லை என்றாலும் இது வேலை செய்யுமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

என் மணிக்கட்டைப் பிடித்தால் எந்தப் புள்ளியை அழுத்த வேண்டும்?

எதையும் அழுத்த வேண்டாம். பிடியின் பலவீனம் அவன் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி. உங்கள் மணிக்கட்டைத் திருப்பி, கட்டைவிரல் பக்கத்து ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பிறகு பின்னால் இழுக்காமல் அரை அடி முன்னே வைத்து, உங்கள் முழங்கையை அவன் முழங்கையை நோக்கித் தள்ளியபடி கையை மேலே மடக்குங்கள். உங்கள் முன்கை நெம்புகோலாகி அவன் கட்டைவிரலைப் பிரிக்கும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: பயத்தில் நேராகப் பின்னே இழுப்பார்கள்; நான்கு விரல் பலத்தோடு மோதுவார்கள். இரு கைகளாலும் பிடித்திருந்தால், உங்கள் மற்றக் கையால் சொந்த முஷ்டியைப் பற்றித் தோளை நோக்கி வெட்டி இழுங்கள். பிடி இன்னும் இறுக்கமென்றால் அவன் புறங்கையை விரல் மொட்டியால் குத்துங்கள். அங்கே எலும்புக்கு மேல் சதையே இல்லை. பிடி ஒரு நொடி தளரும், அந்த நொடியில் மேலே சொன்னதைச் செய்ய வேண்டும்.

கட்டிப் பிடித்தால்?

முன்பக்கமாக என்றால், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் சுட்டுவிரலின் பக்கவாட்டு எலும்பை வைத்து மேலும் பின்னுமாகத் தள்ளுங்கள். வலியைவிட, தலை பின்னால் போவதுதான் இங்கே வேலை. தலை போன பக்கம் உடம்பும் போகும். காதுமடலுக்குக் கீழே, தாடைக்கும் காதுக்குப் பின்னிருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளமும் கூர்மையான இடம். ஆனால் மறுகையால் தலையை மறுபக்கம் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவன் விலகிவிடுவான். பின்னாலிருந்து பிடித்தால் அவன் சுண்டுவிரலைத் தேடி, முழு முஷ்டியாலும் பற்றிப் பின்னே மடக்குங்கள். நெரிசல் பேருந்திலும் இதுவே. கூடவே ‘நீலச் சட்டை, கையை எடு!’ என்று அடையாளம் சொல்லிக் கத்துங்கள். வெறும் ‘ஐயோ’வுக்கு யாரும் திரும்புவதில்லை.

இரு கைகளால் கழுத்தை நெரித்தால்?

அவசரம் இதில்தான் அதிகம். மூளைக்குப் போகும் ரத்தம் முழுதாகத் தடைபட்டால் சுமார் 10 நொடிக்குள் நினைவு தப்பும். தாடையை மார்போடு சேருங்கள், தோள்களை உயர்த்துங்கள். ஒரு கையைக் காதோடு ஒட்டி நேராகத் தூக்கி, தூக்கிய கையின் எதிர்ப்பக்கமாக உடம்பை முழுதாகச் சுழற்றுங்கள். அவன் மணிக்கட்டுகள் உங்கள் தோளில் மாட்டி மடங்கும். தூக்கிய கையின் முழங்கை கீழே வரும் வழியில் அவன் முகம் இருக்கும். தப்பிய பிறகு, தடமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உள்வீக்கமும் ரத்தக்குழாய்க் கிழிசலும் தாமதமாகத்தான் தெரியவரும்.

காலில் எங்கே உதைப்பது நல்லது?

தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. முழங்காலாலோ கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பாலோ அடித்தால் கால் மரத்துத் தொய்யும். கபடி ஆடியவர்களுக்குத் தெரிந்த அடிதான். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் துருத்தும் எலும்பு முடிச்சுக்கு அடியில் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் சுற்றி வருகிறது. அங்கே பலமான அடி பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் தொங்கலாம். அதைப் பயிற்சியில் தொடாதீர்கள். விதைப்பையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதை எல்லா ஆணும் அனிச்சையாகக் காப்பான், பட்டாலும் வலி சில நொடி தாமதித்தே ஏறும்.

கழுத்தின் பக்கவாட்டில் தட்டினால் மயக்கம் வருமாமே? தம்பியிடம் செய்து பார்க்கலாமா?

கூடாது. அங்கே ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணர்முனை இருக்கிறது. அதிர்ந்தால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். அதே அடியில் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதமும் வரலாம். குரல்வளை, இடது நெஞ்சு, பிடரி ஆகியவற்றுக்கும் இதே தடை. மற்ற இடங்களைப் பழகும்போது அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள்; கூட்டாளி இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விடுங்கள்.

அடிபட்டு மயங்கியவரை ‘அடங்கல்’ தட்டி எழுப்பலாமா?

அடங்கல் (மயக்கம் தெளியத் தூண்டும் இடங்கள்), இளக்குமுறை (வர்ம அடியின் பாதிப்பை நீக்கும் சிகிச்சை) எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடமும் சித்த மருத்துவப் படிப்பிலும் முறையாகக் கற்பவை. வீடியோ பார்த்து ஒருவர் முதுகில் தட்டினால் கழுத்தெலும்பு முறிவை மோசமாக்கலாம். மூச்சு இருக்கிறதா பாருங்கள், 108-ஐ அழையுங்கள். (வர்மமும் 108, ஆம்புலன்ஸும் 108.) மூச்சு இருந்து, கழுத்தில் அடிபடவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம்.

திருப்பி அடித்தால் என் மேல் வழக்கு வருமா?

பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37. தப்ப அடிப்பது உரிமை. விழுந்தவனை மிதிப்பதும் ஓடுபவனைத் துரத்தி அடிப்பதும் அந்த உரிமைக்குள் வராது. விலகியதும் 112-க்கு முதலில் நீங்களே பேசிவிடுங்கள்.

சாவிக்கொத்தை விரல்களுக்கு நடுவே செருகிக் குத்தலாமா?

குத்தினால் சாவி புரண்டு உங்கள் விரலைத்தான் கிழிக்கும். தடித்த பேனாவை முஷ்டியில் பிடித்து, மேல்முனையைக் கட்டைவிரலால் மூடுங்கள். கீழே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தால் போதும். உங்களைப் பிடித்திருக்கும் அவன் கையின் புறங்கையில் சுத்தியல் போல இறக்குங்கள்.