செம்பருத்திப் படமும் பின்பக்க முத்திரையும்

கேள்வி: வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். அன்றாட விளம்பர, பத்திரிகைப் படங்களைக் கலையாக்கிய பாப் ஆர்ட் பாணியின் முன்னோடியான அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோலின் ‘ஃபிளவர்ஸ்’ வரிசையைச் சேர்ந்தது, 250 பிரதிகளில் ஒன்று என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் ஒரு படத்தை விற்க முன்வந்திருக்கிறார். 36 அங்குலச் சதுரம். முன்பக்கத்தில் பெரிய கையொப்பமும், பின்பக்கத்தில் நீல மையில் ஓர் ஆங்கில முத்திரையும், கூடவே ஒரு சான்றிதழும் இருக்கின்றன. வாங்கலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர், சேலம்

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் எழுதிக் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கொலுசை டச் (வெள்ளியின் தூய்மை) பார்க்காமல் கைமாற்றாதவர் நீங்கள். அந்தப் பழக்கத்தை இங்கும் விட்டுவிடாதீர்கள்.

வார்ஹோல் 1970-இல் வெளியிட்ட அந்த வரிசையில் பத்துப் படங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 250 பிரதிகள். அவற்றுக்கு வெளியே, எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்து இடப்பட்டு, ஓவியருக்கென ஒதுக்கப்பட்ட 26 பிரதிகளும் உண்டு. ஒரு பத்திரிகையில் பெட்ரிசியா கால்ஃபீல்ட் வெளியிட்டிருந்த செம்பருத்திப் பூக்களின் புகைப்படம்தான் இவற்றுக்கு மூலம். வார்ஹோல் 1964-லிருந்தே அதை அனுமதி பெறாமல் எடுத்தாண்டதற்காக கால்ஃபீல்ட் 1966-இல் வழக்கே தொடுத்தார். இந்தப் பதிப்பில் வார்ஹோலின் கையொப்பம் பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பிரதி எண்ணும் அங்கேயே ரப்பர் முத்திரையாகப் பதிந்திருக்கும். முன்பக்கத்தில் பெரிதாகக் கையொப்பம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு ஐயம் எழுந்தது.

அந்த நீல முத்திரையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘சண்டே பி. மார்னிங்’ என்ற பெயரும், ‘உங்கள் கையொப்பத்தை நீங்களே இட்டுக்கொள்ளுங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில வரியும் இருந்தால், அது வார்ஹோலின் 250-இல் சேராது. 1970 முதல் அந்தப் பெயரில் ‘மர்லின்’ (நடிகை மர்லின் மன்றோவின் முகம்), ‘ஃபிளவர்ஸ்’ போன்ற படங்கள் அவருடைய பதிப்புகளுக்கு வெளியே அச்சாகி வருகின்றன. பழையவற்றில் முத்திரை கறுப்பு, பின்னர் வந்தவற்றில் நீலம். அத்தகைய படங்கள் கைக்கு வந்தபோது வார்ஹோலே சிலவற்றில் ‘இது என்னுடையதல்ல’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். சண்டே பி. மார்னிங் படம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால், அழகுக்காக வாங்கிச் சுவரில் மாட்டுவதில் தவறே இல்லை. அதையே 250-இல் ஒன்று என்று விற்பதுதான் ஏமாற்று.

பூதக்கண்ணாடி இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்காது. நம் ஊர் ஜவுளிக்கடைகளின் மஞ்சப்பையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் செய்யும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் வார்ஹோலின் வழியும்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, நிறத்துக்கு ஒரு சட்டம், ரப்பர் பட்டையால் தள்ளப்படும் மை. சண்டே பி. மார்னிங் படமும் அதே முறையில் அச்சானதே. சிவகாசிக் காலண்டரைப் போலப் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் என்று கண்டுகொள்ளலாம்; ஆனால் 1964-இல் லியோ காஸ்டெல்லி காட்சிக்கூடம் வெளியிட்டு வார்ஹோல் கையொப்பமிட்ட 23 அங்குல ‘ஃபிளவர்ஸ்’ ஆஃப்செட்டில் அச்சானதுதான் என்பதால், அச்சுமுறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சான்றிதழை நான் பொருட்படுத்த மாட்டேன். வார்ஹோல் படைப்புகளைச் சரிபார்த்துவந்த குழு 2012-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியில் அந்தக் குழுவின் பெயரில் ஒரு தாள் வந்தால், அது படத்தின் மீதான ஐயத்தை அதிகமாக்கவே செய்யும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை முதல் விற்பனையின் ரசீதும், இடையில் யார் யாரிடம் கைமாறியது என்பதற்கான ஆவணங்களும். ஃபெல்ட்மன், ஷெல்மன் தொகுத்த வார்ஹோல் அச்சுப்படங்களின் முழு அட்டவணையில் இந்தப் பத்துப் படங்களும் இரண்டாம் பகுதியில் 64 முதல் 73 வரையான எண்களில் இருக்கின்றன. அளவு, நிறம், கையொப்பத்தின் இடம் ஆகியவற்றை அதனுடன் ஒப்பிடுங்கள். விற்பவர் அதற்கு அவகாசம் தர மறுத்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: 3/250 என்ற பிரதி 240/250-ஐ விட உயர்ந்ததா?
– அம்மாபேட்டை கல்லூரி மாணவி

பதில்: இல்லை. செப்புத்தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் டிரைபாயிண்ட் முறையில் கீறலின் விளிம்பு விரைவில் தேய்வதால் முதல் பிரதிகளுக்கு மதிப்புக் கூடுதல். ஸ்கிரீன் பிரிண்டில் அந்தத் தேய்மானம் பெரிதல்ல. உலர்ந்த தாள்களை அடுக்கிய பிறகுதான் எண் இடுவார்கள் என்பதால், அச்சான வரிசையும் எண் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. நிறம் வெளிறாத, மடிப்பு விழாத 240-ஐத் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்த என் சித்தப்பா விட்டுச்சென்ற பீட்டர் பிளேக்கின் ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்று எங்கள் காபித் தோட்ட வீட்டில் இருக்கிறது. அடியோரத்தில் பென்சில் கையொப்பம். மழைக்காலத்தில் சுவரே ஈரமாகிவிடுகிறது. எப்படிக் காப்பாற்றுவது?
– ஏற்காட்டு வாசகி

பதில்: 1967-இல் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு உறையை ஜேன் ஹாவொர்த்துடன் சேர்ந்து உருவாக்கியவர் பிளேக், பிரிட்டிஷ் பாப் ஆர்ட்டின் முன்னோடிகளில் ஒருவர். அம்மா, முதலில் அந்த வெள்ளை ஓரத்தை எவரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பிரேம் கடையில் கொடுத்த அச்சுப்படம், சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஓரம் நறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பென்சில் கையொப்பமும் எண்ணும் நறுக்கிய துண்டோடு குப்பைக்குப் போயிருந்தன. என்ன வேண்டும், என்ன கூடாது என்று எழுதிக் கொடுக்காமல் நான் எந்தப் படத்தையும் கடையில் விட்டு வராததற்கு அதுதான் காரணம்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில், காகிதத்துக்கு முதல் எதிரி பூஞ்சைதான். வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில், பிரேமின் பின்னால் காற்றோடும்படி சிறு கட்டைகள் வைத்து மாட்டுங்கள். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. இடையில் அமிலமற்ற மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) இருக்க வேண்டும். படத்தை முழுவதுமாகப் பசை போட்டு ஒட்டவோ செல்லோடேப் போடவோ விடாதீர்கள். ஜப்பானியக் காகிதத்தில் சிறு கீல்கள் செய்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் மேலோரத்தில் மட்டும் பிடிக்கச் செய்வதே சரி. வெயில் நேரே படும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

மழை ஓய்ந்ததும், தை மாதத்தில் ஒருமுறை, பிரேமை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மற்ற படங்களிலிருந்து பிரித்து உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலோசனை கேளுங்கள்.