நெற்பயிர் ஏன் மற்றப் பயிர்களைவிட அதிக ஆர்சனிக்கை உறிஞ்சுகிறது?

ஆர்சனிக், பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே இருக்கும் நச்சுத் தனிமம். வங்கதேசத்தில் குழாய்க் கிணற்று நீரோடு வயலுக்கும் வருகிறது. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அதனால் மண்ணிலுள்ள இரும்புத் துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக், ஆர்சனைட் என்ற வேதி வடிவமாகி நீரில் கரைந்துவிடும். நெல்லுக்கோ மணலில் இருக்கும் சிலிக்கா நிறைய வேண்டும். தோகையின் விளிம்பு கையைக் கீறுகிறதே, அந்தச் சொரசொரப்பு சிலிக்காதான். ஆர்சனைட் அதைப் போலவே இருப்பதால், சிலிக்காவுக்கென வேரில் உள்ள வாசலிலேயே நுழைகிறது, கள்ளச்சாவி பூட்டைத் திறப்பதுபோல. நுழைந்ததில் பெரும்பங்கைக் கந்தகமுள்ள சிறு மூலக்கூறுகளால் கட்டி, வேர்ச் செல்களுக்குள் பயிர் பூட்டிவைக்கும். தப்பியது வைக்கோலுக்கும் கொஞ்சம் மணிக்கும் ஏறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் உறிஞ்சுவது குறையும்.

வெந்தால் ஆர்சனிக் அழிந்துவிடும் என்பது தவறு: தனிமம் வெப்பத்தில் சிதையாது, ஆர்சனிக் இல்லாத நீரை நிறைய வைத்து வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால்தான் ஒரு பகுதி வெளியேறும்.