மெமரி பேரியர்: கேட்டவையும் என் பதில்களும்

போன சனிக்கிழமை லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரி பேரியர் பற்றிப் பேசியபோது நேரம் போதவில்லை. மெமரியில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் நடக்கச் செய்யும் கட்டளைதான் மெமரி பேரியர். விட்டுப்போன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஜூரோங் வெஸ்ட் தம்பி: அக்கா, என் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இன்டெல் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. ஆர்ம் போர்டில் மட்டும் எப்போதாவது பழைய டேட்டாவைப் படிக்கிறது. பஃபரை (டேட்டா வைக்கும் இடம்) நிரப்பிய பிறகுதானே, டேட்டா தயார் என்று சொல்லும் ரெடி கொடியை 1 ஆக்குகிறேன்?

இதே பிழையால் நானும் மூன்று வாரம் தூக்கம் கெட்டவள், தம்பி. தேக்கா உணவங்காடியில் ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். தட்டில் பிரியாணி வைத்த பிறகுதான் எண் பலகையில் உங்கள் எண் எரிய வேண்டும். ஆர்மில் நீங்கள் பஃபரில் எழுதியதும் கொடியில் எழுதியதும் வேறு கோருக்கு (ப்ராசசருக்குள் தனியாக நிரலை ஓட்டும் பகுதி) மாறிய வரிசையில் தெரியலாம். இன்டெலில் பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை முந்தாது, அதனால் அங்கே பிழை மறைந்துவிட்டது. அங்கேயும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) வரிசையை மாற்றலாம் என்பதை மறக்காதீர்கள்.

கொடியை ஸ்டோர் ரிலீஸ் கொண்டு எழுதுங்கள்; முன்னால் எழுதியவற்றை அது முந்தாது. ஆனால் அது பாதி வேலைதான். வாங்க வந்தவர் எண் எரியும் முன்பே தட்டை எட்டிப் பார்த்து, காலி என்று மனத்தில் வைத்துக்கொண்டால்? ப்ராசசர் அப்படித்தான் டேட்டாவை ஊகத்தில் முன்கூட்டியே படித்துவிடும். நடுவில் 'இஃப்' இருந்தாலும் தடுக்காது. அதனால் படிக்கும் பக்கம் கொடியை லோட் அக்வயர் கொண்டு படிக்க வேண்டும்; பின்னால் படிப்பவை அதை முந்தாது. பேரியர் எப்போதும் ஜோடியாகத்தான் வேலை செய்யும்.

பொங்கோலிலிருந்து: அப்படியானால் இன்டெலில் பேரியரே வேண்டாமா?

வேண்டும். ஒரு இடத்தில் எழுதிவிட்டு வேறு இடத்தைப் படிக்கும்போது, எழுதியது ஸ்டோர் பஃபரிலேயே (எழுதியவை மற்ற கோர்களுக்குத் தெரியும் முன் கோருக்குள் காத்திருக்கும் இடம்) நிற்க, படிப்பது முந்திவிடும். தொடக்கத்தில் எக்ஸ், ஒய் இரண்டிலும் 0 இருக்கிறது. ஒரு கோர் எக்ஸில் 1 எழுதி ஒய்யைப் படிக்கிறது. இன்னொன்று ஒய்யில் 1 எழுதி எக்ஸைப் படிக்கிறது. இரண்டுக்கும் 0 கிடைக்கலாம்! ரிலீஸ், அக்வயர் இதைத் தடுக்காது. இரண்டு பக்கமும் முழு பேரியர் வேண்டும்; எழுதுவது, படிப்பது எதுவும் அதைத் தாண்டி முந்தாது.

கெர்னலில் ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) ஒரு நிபந்தனைக்காகத் தூங்குவதும், அதை இன்னொன்று எழுப்புவதும் இதே வடிவம்தான். தூங்கப் போகிறவர் தன் நிலையை எழுதிவிட்டு நிபந்தனையைப் பார்க்கிறார். எழுப்புகிறவர் நிபந்தனையை எழுதிவிட்டு நிலையைப் பார்க்கிறார். இருவரும் பழையதையே பார்த்தால், தூங்கியவரை எழுப்ப ஆளில்லை. தூங்கப் போகிறவர் தன் நிலையை எழுதும் செட் கரண்ட் ஸ்டேட்டுக்குள் முழு பேரியர் இருப்பது அதற்காகத்தான்.

வுட்லண்ட்ஸிலிருந்து: பேரியர் போட்டால் டேட்டா உடனே மெமரிக்குப் போய்விடும்தானே?

இல்லை. எது முன், எது பின் என்பதை மட்டும் அது உறுதி செய்கிறது. எப்போது என்று சொல்வதில்லை.

ஜூரோங் வெஸ்ட் தம்பி மறுபடியும்: சி மொழியில் மாறியின் முன் வாலடைல் என்ற சொல்லைப் போட்டால் போதாதா?

போதாது. அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், ப்ராசசரை அல்ல.

செங்காங்கிலிருந்து: சரியா என்று எப்படிச் சோதிப்பது, அக்கா?

பலமுறை ஓட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 2018இல் 4.17 பதிப்போடு கெர்னலுக்குள்ளேயே மெமரி மாடல் (எந்த வரிசை மாற்றம் நடக்கலாம் என்ற விதிகள்) வந்துவிட்டது. உங்கள் சந்தேகத்தைச் சில வரி லிட்மஸ் சோதனையாக (மேலே சொன்ன எக்ஸ், ஒய் போன்ற குட்டி நிரல்) எழுதி ஹெர்ட்7 கருவியிடம் கொடுத்தால், அந்த விளைவு வர முடியுமா என்று சொல்லிவிடும். அப்புறம், ஒவ்வொரு பேரியருக்கும் மேலே அதன் ஜோடி எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்று ஒரு கமெண்ட் எழுதுங்கள். ஜோடியைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பேரியரை எடுத்துவிட்டு ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடுங்கள்.