மூன்றாம் தட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருகோணமலை நகரில், அம்மாவின் சீதன உறுதியிலுள்ள 12 பேர்ச் காணியில் எங்கள் இரண்டு தட்டு வீடு இருக்கிறது. கீழே அம்மாவும் அக்கா குடும்பமும், மேலே தம்பி குடும்பமும் வசிக்கின்றனர். கட்டாரில் வேலை செய்யும் என் கணவரின் சேமிப்பைக் கொண்டு, மூன்றாம் தட்டில் சமையலறை, குளியலறையுடன் எங்களுக்கென ஒரு தனி வீடு கட்ட எண்ணியுள்ளோம். ஏற்கெனவே அனுமதி பெற்ற வீடு என்பதால் மறுபடி அனுமதி தேவையில்லை என்கிறார் ஒப்பந்தகாரர். தனி மின்மானியும் தனிச் சோலைவரி இலக்கமும் எடுத்துவிட்டால் அந்தத் தட்டு எங்கள் பெயருக்கு வந்துவிடும் என்றும் சொல்கின்றனர். இது சரியா?

பதில்: இரண்டுமே சரியல்ல. இரண்டாவது கூற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதை நம்பிப் பணத்தைப் போட்டால் இழப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

நம் நாட்டில் நிலைபெற்றுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தின் மேல் கட்டப்படும் கட்டடம் நிலத்தின் சொந்தக்காரருக்கே சேரும். யாருடைய பணத்தில் கட்டப்பட்டது என்பது உரிமையைத் தீர்மானிப்பதில்லை. எனவே இன்றைய நிலையில் நீங்கள் கட்டப்போகும் மூன்றாம் தட்டு, சீமெந்து காய்வதற்கு முன்பே உங்கள் அம்மாவின் சொத்தாகிவிடுகிறது. சோலைவரி இலக்கம் உள்ளூராட்சி மன்றம் வரி அறவிடுவதற்கானது, மின்மானி மின்கட்டணத்திற்கானது. இவற்றில் எதுவும் உறுதிக்கு ஈடாகாது. அம்மா எதுவும் எழுதிவைக்காமல் காலமானால், நீங்கள் கட்டிய தட்டு உட்பட முழு வீடும் பிள்ளைகள் அனைவருக்கும் பிரிக்கப்படாத பங்குகளாக, அதாவது எந்தப் பகுதி யாருக்கு என்று வகுக்கப்படாமல், சேரும். அதன்பின் ஒருவர் பிரிவினை வழக்குத் தொடுத்தால், செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு கேட்கலாமே தவிர, அந்தத் தட்டையே தனியாகத் தரவேண்டும் என்று உரிமையோடு கேட்க முடியாது. உடன்பிறப்புகள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாளை பேசப்போவது அவர்கள் மட்டுமல்ல, அவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் கூட என்பதை எண்ணிப்பாருங்கள்.

வாய்ப்பேச்சும், வெற்றுத்தாளில் எழுதிய கடிதமும் இங்கே உதவாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி உரிமை மாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்று விதிக்கிறது. எழுதிய உறுதியைத் தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதிவதும் முக்கியம்.

உங்களுக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. காணியைப் பிரிப்பது அவற்றில் மிகக் கடினமானது, ஏனெனில் பொதுவாக ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்பதால், நடுவில் வீடு நிற்கும் 12 பேர்ச்சில் பாதையும் விட்டு இரண்டு துண்டு எடுப்பது எளிதன்று. எடுத்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் தட்டுகளை அது பிரிக்காது. இரண்டாவது வழி, மாடிவீடுகளைத் தனித்தனி உடைமையாக்குவதற்கென்றே இயற்றப்பட்ட 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டும் வழி: நில அளவையாளர் தயாரிக்கும் கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு தட்டையும் பொதுப் பகுதிகளையும் தனித்தனியே காட்டும் படம்) அங்கீகரிக்கப்பட்டுப் பதிவானால், ஒவ்வொரு தட்டும் தனி அலகாகி, தனி உறுதி எழுதத்தக்கதாகிறது. செலவும் காலமும் பிடிக்கும். ஆனால் தட்டையே விற்கவோ வங்கியில் ஈடுவைக்கவோ விரும்பினால் வேறு பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு மாடிப்படி பொதுவாக இருக்க வேண்டும். தம்பியின் வரவேற்பறைக்குள்ளால் ஏறும் படி பயன்படாது. ஆகவே படம் வரையும்போதே இதைக் கவனியுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலான குடும்பங்களால் தாங்க முடியும். அம்மா தன் சீவிய உரித்தை, அதாவது வாழும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படாத பங்குகளை நன்கொடை உறுதியாக எழுதலாம். எந்தத் தட்டில் யார் வசிப்பது, கூரை, தண்ணீர்த் தாங்கி, மலக்குழி ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது என்பவற்றை அதே நாளில் நொத்தாரிசு உடன்படிக்கையாகவும் எழுதிக்கொள்ளலாம். அக்காவையும் தம்பியையும் அழைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

அனுமதிக்கு வருவோம். பழைய அனுமதி அன்றைய படத்திலிருந்த கட்டடத்திற்கு மட்டுமே உரியது. ஒரு தட்டைக் கூட்டுவது புதிய கட்டுமானம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் முன்னனுமதியைக் கோருகின்றன. அனுமதியின்றிக் கட்டினால் விடயம் நீதவான் நீதிமன்றம் சென்று, இடிக்குமாறு கட்டளை பிறக்கலாம். விண்ணப்பத்தில் உரிமையாளராக அம்மா கையொப்பமிட வேண்டும். இரண்டு தட்டுக்காக இட்ட அத்திவாரம் மூன்றைத் தாங்குமா என்று பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் எழுத்தில் பெறுங்கள். ஒப்பந்தகாரரின் வாய்மொழி உறுதி இதற்குப் போதாது. வேலை முடிந்தபின், அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழைப் பெறாமல் குடியேறுவதும் சட்டத்திற்கு முரணானது. ஒப்பந்தத்தில் கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பதாக எழுதி, இறுதிப் பகுதியை அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தபிறகே கொடுப்பதாக ஒரு வாசகத்தைச் சேருங்கள்.

கேள்வி: உப்புவெளியில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தொலைவிலுள்ள வீடொன்றின் மேல்மாடியை விற்கிறார்கள். பிரிக்கப்படாத அரைப் பங்குக்கு உறுதி எழுதித் தருவார்களாம். வாங்கலாமா?

பதில்: அந்த உறுதி உங்களுக்குத் தருவது மேல்மாடியை அன்று, காணியிலும் முழுக் கட்டடத்திலும் பாதிப் பங்கையே. மற்றப் பங்காளர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் எந்நேரமும் வழக்குத் தொடரலாம். கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தாலன்றி, மேல்மாடி என்ற பெயரில் முற்பணம் கொடுக்காதீர்கள். மேலும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுக்கிறது. நீங்கள் சொல்லும் வீடு அதற்குள் வருகிறது. எனவே மேல்மாடி பிற்காலத்தில் கட்டப்பட்டதாயின், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியுடன் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். இரண்டின் மூலப் பிரதிகளையும் உங்கள் நொத்தாரிசு பார்க்க வேண்டும்.